அண்ணனுடைய போன்

சார்ஜரை யாருமே நிதானமாகச் செருகுவதில்லை. பேசிக்கொண்டே குத்துவார்கள், படுத்துக்கொண்டே இழுப்பார்கள், அப்புறம் என்னிடம் வந்து "தானா போயிடுச்சுங்க" என்பார்கள். பதினெட்டு வருஷமாக இந்த மேசையில் போன் பழுது பார்க்கிறேன். சார்ஜர் செருகும் போர்ட் தானாகப் போய் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. உன் அப்பாவின் போனும் அப்படித்தான் வந்தது. போர்ட்டின் உள்ளே இருக்கும் சின்னத் தகடு முறிந்து ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நாற்காலியில் உட்காரும்மா, ஸ்டூல் ஆடும். போனில் இருந்ததெல்லாம் எங்கே என்று சித்தப்பாவைக் கேட்கத்தானே வந்திருக்கிறாய். "கெட்டுப்போச்சு" என்று மட்டும்தான் அண்ணி உன்னிடம் சொல்லியிருப்பார். நான் மழுப்ப மாட்டேன். ஆற அமரச் சொல்கிறேன், கேள்.

போன மாதம் உன் அம்மா அதை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, சார்ஜே ஏறல. உடம்பு முடியாம கிடந்த எட்டு மாசமும் பொண்ணுக்குன்னு தினம் ஏதாவது பேசி இதுல பதிஞ்சு வச்சிருக்கார். அவர் போனப்புறம் ஒரு வருஷமா கேக்கவே பயந்தா. இப்போதான் கேக்கணும்ங்கறா. வேற எங்கேயும் கொடுக்க மனசு வரல. நீங்கன்னா நம்ம ஆளு" என்றார்.

நம்ம ஆளாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் அம்மா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். மூன்று நாளும் என்னைத்தான் கேட்டாராம். அங்கிருந்து இந்தக் கடைக்கு பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. மூச்சு அடங்கிய பிறகுதான் கூப்பிட்டார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துட்டேன் தம்பி" என்றார். கடையில் உப்பு வாங்க மறந்தது மாதிரி. அண்ணன் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று வந்த கோபம் எனக்கு அடங்கவே இல்லை. ஆனாலும் நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அதோடு போயிருக்கும்.

போர்ட்டைக் கழற்றி, ஒரு பழைய கேபிளை வெட்டி, அதன் நான்கு கம்பிகளையும் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் நேராகப் பற்றவைத்தேன். முடியை விட மெல்லிய இடம், கை நடுங்கினால் போச்சு. எனக்கு நடுங்கவில்லை. போன் எழுந்தது, கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டது. கடவுச்சொல்லை உன் அம்மா எழுதிக் கொடுத்திருந்தார், உன் பிறந்த தேதி. அந்த நிமிஷமே உன் அப்பா பேசியதை எல்லாம் பிரதி எடுத்திருக்கலாம். அரை மணி நேர வேலை.

நான் உன் அம்மாவைக் கூப்பிட்டு, "அண்ணி, இதுல வேற ரெக்கவரி ஒண்ணு ஏத்தினாத்தான் உள்ள இருக்கறதை எடுக்க முடியும். வியாழக்கிழமை வாங்க" என்றேன்.

ரெக்கவரி என்பது போன் முழுசாக எழுவதற்கு முன்னால் எழும் குட்டி மென்பொருள். கம்பெனி போட்டதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம். ஆனால் அதற்கு முதலில், கடவுச்சொல்லுக்கும் அடியில் கம்பெனியே போட்டிருக்கும் உள்பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த மாத்திரத்தில் உள்ளே இருப்பது அத்தனையும் அழியும். திருடன் கையில் எதுவும் சிக்கக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. அழிந்தால் அழிந்ததுதான், எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. தொழில் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும்.

நடுவில் இரண்டு நாள் இருந்தது. அண்ணன் பேசிவைத்ததைக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில், நீ சின்ன வயதில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனதைச் சொல்லிச் சிரிக்கிறான், நடுவில் இருமல். இன்னொன்றில், "வேலை பாக்குற இடத்துல யாராவது கத்தினா நீ பதிலுக்குக் கத்தாதடா கண்ணு, பேசாம எழுந்து வந்துடு" என்கிறான். நிறைய இருந்தது. எனக்கு எல்லாம் ஞாபகம் இல்லை, கடையில் அன்றைக்குக் கூட்டம்.

வியாழக்கிழமை உன் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்தேன். போனில் எச்சரிக்கை வந்து நின்றது. நான் அதைத் தொடவில்லை. அவர் பக்கம் நகர்த்திவைத்தேன்.

"அண்ணன் போன். உங்க கையாலேயே அழுத்துங்க அண்ணி."

"இங்கிலீஷ்ல என்னமோ பொடியா போட்டிருக்கே தம்பி?"

"எல்லாத்துலயும் வர்றதுதான். மேல் பட்டனைத் தட்டிட்டு, பக்கத்துல இருக்கறதை அழுத்துங்க."

அழுத்தினார். போன் அணைந்து எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று புதுசு மாதிரி கேட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். "இப்போ அவர் குரல் வருமா?"

"வராது அண்ணி. எல்லாம் அழிஞ்சு போச்சு. நீங்கதான் அழிச்சீங்க. அம்மா கேட்டதை மறந்தீங்களே, இதையும் மறந்துடுங்க."

அவர் கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நான் ரெக்கவரியை ஏற்றி, புது போர்ட்டும் போட்டு, போனை வீட்டுக்கே அனுப்பிவைத்தேன். வேலையில் நொட்டை சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று பாக்கி. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்தப் போன், பேசுகிற அழைப்புகளையும் தானே பதிந்துவைக்கும். அதுவரை பழசு எதுவும் அழியாமல் இருந்தது. உன் அம்மா வருவதற்கு முந்தின நாள், புதன்கிழமை மத்தியானம், என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாளின் அழைப்பு ஒன்றைத் திறந்தேன்.

உன் அம்மா அழுகிறார். "அத்தை தம்பியைத்தான் கேக்குறாங்க. ஒரு வார்த்தை சொல்லிடலாங்க, பாவங்க."

"வேண்டாம். அவன் வந்தா ஆஸ்பத்திரின்னு பாப்பானா? குரலை உசத்துவான். அம்மா தாங்காது. பின்னாடி கேட்டா, நீ மறந்துட்டேன்னு சொல்லிடு. எனக்காக."

இரண்டு தடவை கேட்டேன். அண்ணன் குரல்தான்.

ஐந்து வருஷக் கோபத்தை ஒரே மத்தியானத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது? செத்தவன் மேல் வைக்க முடியுமா? வியாழக்கிழமை உன் அம்மாவுக்கு நான் சந்தர்ப்பம் கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய? தவிர, அந்த அழைப்பு உன் காதில் விழுந்திருந்தால் உன் அப்பாவைப் பற்றி என்ன நினைத்திருப்பாய்? அவன் பெயரைக் காப்பாற்றியிருக்கிறேன். குரலை உசத்துவேனாம். இப்போது உன்னிடம் எவ்வளவு தன்மையாகப் பேசுகிறேன், நீயே சொல்.

அழாதேம்மா. அவன் குரல் கேட்க வேண்டும்போல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எனக்குப் போன் பண்ணு. போனில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். என்ன பேச வேண்டும் என்று மட்டும் சொல், பேசுகிறேன்.