மூணாவது கிளாரினெட்டு

இல்லண்ணா, அதுக்குள்ள பொட்டிய மூடாதீங்க. இன்னொரு தபா ஊதிப் பாருங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

தெரியுதுண்ணா. ஃபோன்ல பச்சை லைட்டு எரியுது, சுருதி கரெக்டா கீது. போன வாரமும் இதே பச்சை லைட்டத்தான் காட்டுனீங்க. நான் இன்னாத்தக் கண்டேன், ராஜா அண்ணாமலைபுரத்துல நாலு ஊட்ல சமையல் பண்றவ. ஆனா எம்பொண்ணு சிம்ரா சும்மா சொல்ல மாட்டா. பத்து வயசுலேர்ந்து கோயில் பேண்டுல ஊதறா. கீபோர்டுல ஒரு கட்டைய அமுத்துனா, இன்னா சுருதின்னு திரும்பிப் பாக்காம சொல்லுவா.

திருவிழாவுக்குத் தனியா ஊதணும்னுதான் கோயில்ல உங்க கடைல புது கிளாரினெட்டு வாங்கிக் குடுத்தாங்க. மொத நாளே, சுருதி இறங்கிக் கேக்குதும்மான்னா. ஊதற வாயில வைக்கிற ரீடு சரியில்லன்னு மாத்திக் குடுத்தீங்க. குழலோட மேல் துண்ட லேசா உள்ள அழுத்தி வச்சு ஊதச் சொன்னீங்க. ஏசில கெடந்து குளிர்ந்துபோயி கீது, சூடேறுனா சரியாயிடும்னீங்க. ஆவல. அப்பறம் வாத்தியத்தையே ரெண்டு தபா மாத்துனீங்க. நீங்க நல்ல மனுசன், இல்லங்கல.

யாரு, பேண்டு மாஸ்டரா? ஜவஹர் சாரு நேத்து இதையே ஊதிப் பாத்தாரு. தங்கமா கீதுன்னாரு. அவ மூஞ்சி சுண்டிப்போச்சு. ஒரே ஊதுல ரெண்டு சத்தம் வருதே சார், உங்களுக்குக் கேக்கலியான்னா. அவரு சிரிச்சாரு.

கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணா.

வெளியதான் நிக்கிறா. கரும்பு ஜூஸ் வாங்கிக் குடுத்து நிக்க வச்சிட்டு வந்தேன். அவ உள்ள வந்ததும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுலயும் கோளாறு கீதும்மா, கம்பெனிக்கு அனுப்பணும்னு. பொய்தாண்ணா. கெட்டுப்போனது வாத்தியம்னா மாத்திக்கலாமில்ல?

ஏப்ரல்ல அவளுக்கு மூளைக்காய்ச்சல். பதினாறு நாளு ஆஸ்பத்திரில கெடந்தா. பொழச்சு வந்ததே பெருசு. ஊட்டுக்கு அனுப்பும்போது, இந்தக் காய்ச்சல் காதத் தாக்கலாம், ஒரு மாசத்துல காது டெஸ்ட் எடுத்துடுங்கன்னு டாக்டரம்மா சீட்டு எழுதிக் குடுத்தாங்க. நான் எடுக்கல. நல்லாத்தான பேசறா, கூப்டா திரும்பறா, மறுபடி எதுக்கு அந்த வாசப்படி மிதிக்கணும்னு... பயம்ண்ணா, வேற இன்னா. அந்தச் சீட்டு இன்னும் பீரோலதான் கீது.

இன்னிக்கிக் காலைல பாக்கறேன், வலது காதுல பஞ்ச வச்சிக்கினு ஊதறா. எடுத்துட்டு ஊதறா. மறுபடி வைக்கறா. பஞ்சு வச்சா சரியா வருதும்மா, இது இன்னா அதிசயம்னு என்னையே பாக்கறா. ரெண்டு காதும் ஆளுக்கொரு சுருதி சொல்லுதுன்னு எனக்குப் புரிஞ்சிபோச்சு. கெளம்புடி, வாத்தியம்தான் கெட்டுப்போச்சுன்னு கையப் புடிச்சு ரயிலேத்தி இங்க இட்டாந்துட்டேன்.

இல்ல, வேணாம். நீங்க பொய் சொல்ல வேணாம். நானே உண்மையச் சொல்லிக்கறேன். மூணு மணிக்கு காது டாக்டராண்ட டோக்கன் போட்டுக்கீறேன், அதையும் அவளாண்ட இன்னும் சொல்லல.

தோ, வரா. அந்தாண்ட கொஞ்சம் நகருங்கண்ணா, நான் அவளுக்கு எடது பக்கமா நின்னுக்கறேன். ரயில்ல வலது பக்கம் ஒக்காந்து, சொல்லிடலாம்னு மூணு தபா கூப்டேன், அவளுக்குக் கேக்கல.