வெள்ளிக்கிழமை வாங்கிய பங்கு

"வெள்ளிக்கிழமை விடியவே வாசலிலை பச்சை இறைச்சிப் பையோடை நிக்கிறா."

மோர்னிங்சைட் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னதும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த இளையவள் கேட்டாள்.

"ஆரக்கா?"

"முன்வீட்டுப் பாகிஸ்தான்காரி. கராச்சியிலை இருந்து வந்து மூண்டு மாசம்தான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு அறுத்துக் குர்பான் குடுத்தவையாம். அதிலை ஒரு பங்கு அயலுக்குக் குடுக்கவேணுமாம்."

"நீங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டியளே."

"தொடமாட்டன்தான். ஆனா அயலிலை மற்ற மூண்டு கதவையும் தட்டிப்போட்டுத்தான் என்னட்டை வந்தவ. ஒருத்தர், நாங்கள் ஓடர் பண்ணேல்லை எண்டு கதவைச் சாத்திப்போட்டாராம். ஊரிலை எண்டால் சனம் வாசலிலை வந்து நிக்குமாம். இஞ்சை வாங்க ஆளில்லை எண்டு சொல்லேக்கை அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு."

"பிறகு?"

"தலைமுழுகின ஈரத்தோடை, இரண்டு கையாலும் வாங்கினன்."

"விரதம் எண்டு சொல்லேல்லையோ?"

"ஏன் சொல்லுவான்? பிறீசரிலை வைச்சுச் சனிக்கிழமை காய்ச்சினன். அவையளுக்கும் ஒரு சட்டி குடுத்துவிட்டன். அவவின்ரை மனுசன் சட்டியைத் திருப்பித் தரேக்கை சொல்லுறார், இந்த நாட்டுக்கு வந்து அந்த வெள்ளி இரவுதானாம் அவ நிம்மதியா நித்திரை கொண்டவ."

இளையவள் இறங்குவதற்கு மணிக் கயிற்றை இழுத்தாள்.

"அடுத்த பெருநாளுக்கு எங்கடை கதவையும் காட்டிவிடுங்கோ அக்கா. எங்களுக்கு வெள்ளி, செவ்வாய் ஒண்டுமில்லை."