ஆர்னே மேல் பூசிய நீலம்

இங்கெர்: இரு, ஊர்லேருந்து கொண்டு வந்த பெட்டியை அப்பறம் உள்ள வைக்கலாம். சோஃபாவுக்கு மேல என்ன அது?

ஹோல்கர்: கலங்கரை விளக்கம்.

இங்கெர்: கேரட் மாதிரி இருக்கு.

ஹோல்கர்: சாயங்கால ஓவிய வகுப்புல சேர்ந்து ஒரு மாசந்தான் ஆகுது. அக்ரிலிக் பெயிண்ட் சட்டுனு காஞ்சிடும், இங்கெர். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள கேரட் ஆயிடுது.

இங்கெர்: சரி, அந்த நீலம் நல்லாத்தான் இருக்கு. ஆர்னே எங்க?

ஹோல்கர்: எந்த ஆர்னே?

இங்கெர்: விளையாடாத. என் முதல் புருஷன் படம் எங்க? அந்த ஆணியிலதானே தொங்கிட்டிருந்தது.

ஹோல்கர்: அதே ஆணியிலதான் இருக்கு.

இங்கெர்: அந்த ஆணியில உன் கேரட்தானே தொங்குது?

ஹோல்கர்: வகுப்புக்கு கேன்வாஸ் வேணும்னாங்க. கடை மூடியாச்சு. பழைய படத்து மேலயே அடிக்கலாம்னு பக்கத்து சீட்டு அம்மா சொன்னாங்க...

இங்கெர்: அவர் மூஞ்சி மேலயா பெயிண்ட் அடிச்ச?

ஹோல்கர்: மொதல்ல கோட்டு. அப்பறம் கழுத்து... மூஞ்சிக்கு வந்தப்ப கண்ணை மூடிக்கிட்டேன்.

இங்கெர்: நகரு, நான் உக்காரணும்.

ஹோல்கர்: காபி போடட்டுமா?

இங்கெர்: காபியா? இன்னும் கொஞ்ச நேரத்துல என் பொண்ணு ரிக்கே குழந்தையோட வர்றா. தாத்தா படத்துக்குக் கீழ வெச்சு போட்டோ எடுக்கணுமாம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஞானஸ்நானம். குழந்தைக்கு ஆர்னேன்னு அவ அப்பா பேரை வைக்கப் போறா. உனக்குத் தெரியுமில்ல?

ஹோல்கர்: தெரியும்.

இங்கெர்: தெரிஞ்சுமா? ரிக்கே பொறக்கறதுக்கு முன்னாடியே கடலோட போன மனுஷன் அவர். அவளுக்கு அப்பான்னு இருந்தது இந்த ஒரு மூஞ்சிதான்.

ஹோல்கர்: மொத நாள் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனது நான். காய்ச்சல்ல கெடந்தப்ப நான். சைக்கிள் பின்னாடி ஓடினது நான். பேர் வைக்கறப்ப மட்டும் ஆர்னே.

இங்கெர்: செத்துப்போனவர் மேல பொறாமையா?

ஹோல்கர்: ஆமா, பொறாமைதான். முப்பது வருஷமா அவன் பாத்துக்கிட்டே இருக்கான், நான் சாப்பிடறேன். மீன்ல முள் எடுத்தாக்கூட முறைக்கறான்.

இங்கெர்: ...நில்லு. இந்த ஓரம் ஏன் தூக்கிட்டு நிக்குது? நகம் பட்டதும் வருதே, பாலாடை மாதிரி...

ஹோல்கர்: உரிக்காத, இங்கெர்.

இங்கெர்: கோட்டு தெரியுது. கீழ ஒண்ணுமே ஆகல.

ஹோல்கர்: ஆகாது. அது எண்ணெய் வண்ணம். அது மேல அக்ரிலிக் நிக்காது, என்னிக்கிருந்தாலும் உரிஞ்சு வந்துடும்னு மொத வகுப்புலயே சொல்லிட்டாங்க.

இங்கெர்: அப்ப பக்கத்து சீட்டு அம்மா?

ஹோல்கர்: அப்படி யாரும் இல்ல. தெரிஞ்சேதான் பண்ணேன். போட்டோ எடுக்கற அன்னிக்கு மட்டும் அவன் இல்லாம இருக்கட்டும்னு... நாளைக்கு நானே உரிச்சிருப்பேன். தப்புதான். நகரு, அவ வர்றதுக்குள்ள எடுத்துடறேன்.

இங்கெர்: வேண்டாம்... கையை எடு.

ஹோல்கர்: ஏன்?

இங்கெர்: உன் கேரட்டே இருக்கட்டும்.

ஹோல்கர்: கேலி பண்ணாத. ரிக்கே தாங்க மாட்டா. அவ அப்பா...

இங்கெர்: இது அவ அப்பா இல்ல.

ஹோல்கர்: ...என்ன சொல்ற?

இங்கெர்: அவ அப்பன் சாகல. ஓடென்ஸ் நகரத்துல நல்லாத்தான் இருக்கான். நான் மாசமா இருக்கேன்னு சொன்ன அன்னிக்கே பெட்டி படுக்கையைக் கட்டிட்டான். எனக்குக் கல்யாணமும் ஆகல, ஒண்ணும் ஆகல... நீ வர்றதுக்கு முன்னாடியே ஊருக்குச் சொல்லி வெச்ச கதை. அதையே உன்கிட்டயும் சொன்னேன். அதுக்காக நீ இத்தனை வருஷம் உள்ளுக்குள்ள வெந்துட்டு இருந்தது எனக்குத் தெரியவே இல்ல.

ஹோல்கர்: அப்ப இவன் யாரு? நான் இத்தனை வருஷம் யார் மேல பொறாமைப்பட்டேன்?

இங்கெர்: எனக்கும் தெரியாது. அப்பா மூஞ்சியைக் காட்டுன்னு ரிக்கே அழுதா, அஞ்சு வயசு. பழைய சாமான் சந்தையில இவன் கெடந்தான். மூக்கு கொஞ்சம் அவ மூக்கு மாதிரி இருந்துச்சு... தூக்கிட்டு வந்துட்டேன்.

ஹோல்கர்: ஆனா ஞாயித்துக்கிழமை... குழந்தைக்கு ஆர்னேன்னு...

இங்கெர்: அது சந்தைக்காரன் பேரு, ஹோல்கர். படத்தைக் காகிதத்துல சுத்திக் குடுத்தானே, அவன் பேரு.