தொண்ணூற்றெட்டு சதவீதம்

வகுப்பில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. கால் ஓரிடத்தில் தரிக்காது. எழுத்துக்கலை, சொல்வன்மை, கல்வித் தொழில்நுட்பம் மூன்றையும் இந்தப் பல்கலைக்கழகத்தில் பதினாறு வருடமாக நடந்துகொண்டேதான் நடத்துகிறேன்.

அந்த மாணவியை எல்லாரும் வக்கீல் என்பார்கள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற வாய். ஆய்வேட்டின் வரைவை என்னிடம்தான் திருத்தக் கொடுத்தாள். மூன்று வாரம் வைத்திருந்தேன். சிவப்பு மையில் வைக்க ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். திருத்த ஒன்றுமில்லாத பிள்ளைக்கு ஆசிரியர் எதற்கு என்ற கவலை, அவ்வளவுதான்.

காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் நம் மென்பொருளில் முதலில் ஏற்றியவருக்குத்தான் எழுத்து சொந்தம். மாணவர்களுக்குத் திரை எப்படித் தெரிகிறது என்று பார்க்க, ஆசிரியர்கள் ஆளுக்கொரு போலி மாணவர் கணக்கு வைத்திருப்போம். அதில் அவளுடைய வரைவை ஏற்றினேன். ஒன்பது நாள் கழித்து அவள் ஏற்றினாள். தொண்ணூற்றெட்டு சதவீதம் காப்பி என்று வந்தது.

நேரே என் அறைக்கு ஓடி வந்தாள்.

"மேடம், முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான். கமிட்டில ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மெஷினே சொல்லுதேம்மா. நான் என்னன்னு சொல்றது?"

கமிட்டியில் நீங்கள் அவள் பட்டத்தை நிறுத்தினீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தால் அடுத்த வருடம் திரும்பச் சேரலாம் என்றீர்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அம்மாதான் எனக்குப் போன் செய்தார்.

"சாப்பிடக்கூட வரமாட்டேங்குறா. நீங்க சொன்னா கேப்பா மேடம்."

போனேன். அந்தச் சின்ன அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி இரண்டு மணி நேரம் பேசினேன். எங்கேயோ படித்தது மனதில் தங்கியிருக்கும், தனக்கே தெரியாமல் கைவழியே வந்திருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். பேச்சால் ஒருவரை நம்பவைப்பதுதானே நான் நடத்தும் பாடம். முதலில் அழுதாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படித்தான் இருக்குமோ மேடம்?" என்றாள்.

அந்தப் போலிக் கணக்கு யாருடையது என்று இப்போது கேட்கிறீர்கள். என்னுடையதுதான். மறைக்கவில்லை. வேலையை விட்டு நீக்குவதானால் நீக்குங்கள். ஆனால் அவள் எழுதித் தந்த ஒப்புதல் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் ஏழு பிழைகள். நான்தான் பக்கத்தில் இருந்து சிவப்பு மையில் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நான் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?