விழாமல் நின்ற ஒரு பாட்டில்

"அம்மா, நீ காலால தட்டி விட்டதுதான் தப்பாப் போச்சு."

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தாயும் மகளும். ஐந்தாவதோடு படிப்பை விட்டு எட்டு லாரிக்கு முதலாளியான நான், யாருக்கும் யோசனை சொல்லாமல் இருந்ததில்லை. அன்று கேட்டுக்கொண்டு மட்டும் வந்தேன்.

"எதைடி தட்டினேன்?"

"மொட்டை மாடியில பத்துத் தண்ணி பாட்டிலை நிறுத்தி, பந்தை உருட்டிச் சாய்க்கிற பௌலிங் பழகினேன்ல. ஒண்ணு விழாம நின்னா நீ தட்டி விட்டுட்டு, மறுபடி பத்தையும் அடுக்கிடுவே."

"உனக்கு நேரம் மிச்சமாகட்டும்னுதான்."

"மேட்ச்ல ரெண்டாவது பந்து குடுக்கறதே, முதல் பந்துல விழாத அந்த ஒண்ணுக்குத்தாம்மா. அதைத் தவற விட்டதாலதான் போன தடவை என்னை டீம்ல எடுக்கல. இன்னிக்கும் ஒத்தையா ஒண்ணு நின்னா பந்து விலகித்தான் போகும்."

"ஒம்பதைச் சாய்க்கிறவளுக்கு ஒண்ணு பெரிசா?"

"ஒம்பதும் நெருக்கமா நிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு சாயும். இது மூலையில தனியா நிக்குதே."

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. தாய் கையிலிருந்த பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"செலக்‌ஷனுக்கு நேரம் இருக்குல்ல? பந்து பையிலதானே இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"இறங்கினதும் ஓரமா இடம் பார்த்து இதை நிறுத்தறேன். நீ உருட்டு. நான் காலை மடக்கி உக்காந்துக்கறேன்."