குருவம்மா தீட்டுன கத்தி

கேளுங்க, சொல்றேன். எங்க பூட்டனுக்கும் பூட்டன் காலம். அப்ப இந்த ஓடைக்கரைப்பட்டியில மொத்தமே நாப்பது வீடு. நாப்பது வீட்டுக்கும் சவரம் பண்ண ஒரே ஆளு, சடையன். அவன் பொண்டாட்டி குருவம்மா. அவதான் எங்க வம்சத்துக்கு மூத்தவ.

சடையன் பாம்பு கடிச்சுச் செத்துப்போனானாம். பதினாறு கழியிறதுக்குள்ள அவன் தம்பி பெரியகருப்பன் வந்து நின்னானாம்.

"மதினி, அண்ணன் கத்தியக் குடுங்க. இனி ஊர்வேலை எனக்கு."

"உனக்குத்தான் பக்கத்தூரு இருக்கே தம்பி. இந்த ஊர நான் பாத்துக்கிறேன்"னாளாம்.

ஊரே கூடிப்போச்சாம். "பொம்பள கத்தி பிடிச்சா தீட்டு!"ன்னு ஊர்த்தலைவர் அம்பலக்காரர் சத்தம் போட்டாராம்.

குருவம்மா அசையலையாம். ஊருக்குப் பிரசவம் பாக்குறவளும் அவதான். "ஐயா, உங்க பிள்ளைங்க அஞ்சு பேருக்கும் தொப்புள்கொடி அறுத்தது இந்தக் கை. அப்ப இல்லாத தீட்டு, தாடிக்கு எங்கருந்து வந்துச்சு?"

அம்பலக்காரர் தோள்துண்ட உதறிப் போட்டாராம். பிறகு, "சரி, ஒருத்தனுக்குச் சவரம் பண்ணிக் காட்டு. ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் கத்தி கைமாறணும்"னாராம்.

யாரு உக்காருவா? கடைசியில ஆடு மேய்க்கிற சோணைமுத்து எந்திரிச்சானாம். ஐயோ, அவனா! அம்மை போட்டு மூஞ்சியெல்லாம் குழி. சடையன் கத்தியே அவன் கன்னத்துல மூணு தடவ ரத்தம் பாத்திருக்கு. அதுக்கப்புறம் எட்டு வருசமா தாடிதான்.

"ஏத்தா, என் மூஞ்சி உனக்குத் தோதுப்படுமா?"

"உக்காருண்ணே."

கல்லுல தண்ணி விட்டுத் தீட்டுனாளாம். தீட்டுனா, தீட்டுனா, வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் தீட்டுனாளாம். பிறகு கத்தியத் தோல்வாருல முன்னையும் பின்னையும் இழுத்தாளாம். தன் கையில வச்சுப் பாத்தா, முடி தானா உதிர்ந்துச்சாம். பிறகு வெந்நியில முக்கின துணியத் தாடி மேல போட்டு வச்சாளாம்.

"என்ன மதினி, பயமா?"ன்னு கொழுந்தன் கேலி பேசுனானாம்.

"முடி ஊறணும் தம்பி. அவசரப்பட்டுத்தான் உங்க அண்ணன் இவர வெட்டுனாரு."

தோல விரலால இழுத்துப் பிடிச்சு, கத்தியப் படுக்கப் போட்டு, குழி குழியா ஓட்டுனாளாம். முடிஞ்சதும் அம்பலக்காரர் தன்னோட வெள்ளைத் துண்டால அவன் கன்னத்த அழுத்தித் துடைச்சாராம். துண்டு வெள்ளையாவே இருந்துச்சாம்.

சோணைமுத்து அண்டாத் தண்ணியில குனிஞ்சு பாத்தானாம். பாத்துக்கிட்டே இருந்தானாம். "ஏத்தா, நான் எங்கப்பன் ஜாடைதான்"ன்னானாம்.

அம்பலக்காரர் அதே துண்டக் கழுத்துல சுத்திக்கிட்டு, அவன் எந்திரிச்ச இடத்துல போய் உக்காந்தாராம்.

அதுல இருந்துதான் நம்ம ஊருல கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரக்கத்தியோட முத இழுப்பு எங்க வீட்டுப் பொம்பள கைதான். வெளியூரு மாப்பிள்ளைங்களுக்கு இது தெரியாது. போன தையில ஒரு இன்ஜினியர் மாப்பிள்ளை நாற்காலியக் கெட்டியாப் பிடிச்சு, கண்ண மூடிக்கிட்டு, மெதுவா மெதுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. என் மருமக சிரிச்சுக்கிட்டே, "கண்ண ஏன் மூடுறீங்க மாப்ள? வாய மூடுங்க போதும்"னா.