ரிப்போர்ட் வாசிக்கும் ஞாயிறு

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்களில் பாதிப் பேர் காபி குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கேட்டால், "தண்ணிகூட குடிக்கல" என்பார்கள். மீசையில் நுரை ஒட்டிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருடமாக இந்த லேபில் ரத்தம் எடுக்கிறேன், ஐயா. இதற்காக ஒருவரிடமும் நான் சண்டை போட்டதில்லை. டியூபில் சீட்டை ஒட்டிவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிடுவேன். கோபமே வராத ஆள் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

நீங்கள் போலீஸ் பாஷையில் அவரை "இறந்தவர்" என்று சொல்கிறீர்கள். எங்களுக்கு அவர் மூச்சு மாஸ்டர். நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நூலகத்து மாடி ஹாலில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு இயற்கை வாழ்வுக் கூட்டம் நடத்துவார். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். முட்டிவலியோ தூக்கமின்மையோ சர்க்கரையோ, எதுவானாலும் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை விட வேண்டும். பிறகு ஒரு தம்ளர் பச்சைக் கஷாயம். இல்லாததைச் சொல்லக் கூடாது, முட்டிவலிக்காரர்கள் பலர் அங்கே போய் வந்து தெம்பாகத்தான் இருந்தார்கள். பேச ஆள் கிடைத்ததே பாதி மருந்து.

மாதத்தின் கடைசி ஞாயிறு ரிப்போர்ட் வாசிக்கும் நாள். ஒவ்வொருவராக எழுந்து, லேப் கொடுத்த காகிதத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். சர்க்கரை எண் இறங்கியிருந்தால் கைதட்டக் கூடாது. நாற்பது பேரும் சேர்ந்து "ஹா" என்று நீளமாக மூச்சை விடுவார்கள். இறங்கவில்லை என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மாஸ்டர் மட்டும், "பரவாயில்ல, உள்ளுக்குள்ள எதையோ புடிச்சு வெச்சிருக்கீங்க, அதை விடுங்க" என்பார். டாக்டர் ஆகாது, மாத்திரை ஆகாது, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே கூடாது. ஆனால் என் லேபிலிருந்து போகும் காகிதம் மட்டும் அவர்களுக்கு வேதவாக்கு. எனக்குச் சில சமயம் சிரிப்பு வரும்.

என் அக்கா அந்த வட்டத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் நாங்கள் இருவர்தான், இருவருக்கும் கல்யாணம் கூடி வரவில்லை. பதினேழு வருடமாக அவளுக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டது நான். "ஏண்டா, பொழுது விடிஞ்சா ஊரையே குத்துற. வீட்டுக்கு வந்தும் என்னைத்தான் குத்தணுமா?" என்று வயிற்றைக் காட்டுவாள். அப்படிச் சொல்லிச் சிரிப்பாள். சில நாள் சிரிக்க மாட்டாள்.

போன வருடம் ஒரு கடைசி ஞாயிறு, அவள் எழுந்து நின்று வாசித்தாள். எண் பாதியாக இறங்கியிருந்தது. நாற்பது பேரும் மூச்சு விட்டார்கள். மாஸ்டர் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இனிமே ஊசி எதுக்கும்மா? உங்க உடம்பே டாக்டராயிடுச்சு" என்றார். அக்கா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த இன்சுலின் பாட்டில்களை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அந்த இடத்தில் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். மாலை நான் வேறு பாட்டில் வாங்கிக்கொண்டு ஊசியோடு அவள் அறைக்குப் போனேன். "உன் லேப் ரிப்போர்ட்டையே நீ நம்ப மாட்டியாடா?" என்று கேட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

நாலாம் நாள் தாகம் என்றாள். எட்டாம் நாள் வாந்தி. மாஸ்டருக்குப் போன் போட்டாள். "கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறிம்மா" என்றார். பதினாறாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்று சாயங்காலமே போய்விட்டாள். இறுதிச் சடங்குக்கு மாஸ்டர் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு வந்து நின்று, "நான் ஊசியை நிறுத்தச் சொல்லலையே தம்பி, அவங்களா எடுத்த முடிவு" என்று என் தோளைத் தட்டினார். "வந்ததுக்கு நன்றி மாஸ்டர்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவரே என்னிடம் வந்தார். லேபின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், குனிந்து உள்ளே வந்துவிட்டார். "தம்பி, ரத்தம் எடுக்கணும். பேரு கீரு போட வேண்டாம்" என்றார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாரிடமும் கேட்பதைப்போல அவரிடமும் கேட்டேன். ஷட்டர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மூன்று சர்க்கரை மாத்திரைகளின் பெயரை வரிசையாகச் சொன்னார். பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறாராம். "பழகிப்போச்சு தம்பி, விட பயமா இருக்கு. வெளியில சொல்லிடாத" என்றார்.

என் அக்காவின் ஊசியை நிறுத்திவிட்டு, தன் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்த மனிதர். அவருடைய நரம்பைத் தேடித் தடவினேன். ஒரே குத்தில் ரத்தம் வந்தது. "வலிக்கவே இல்ல" என்று பாராட்டினார்.

மிஷின் 286 என்றது. நான் 142 என்று அச்சடித்தேன்.

அவர் காகிதத்தை மூன்று தடவை பார்த்தார். "மிஷின் ஒழுங்கா இருக்கா?" என்றார். "நேத்துதான் சர்வீஸ் பண்ணாங்க மாஸ்டர்" என்றேன். அடுத்த மாதம் 128 என்று கொடுத்தேன். இரவு மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சின்னக் குரலில் சொன்னார். தன் வித்தையைத் தானே நம்பாத ஒருவரை நம்ப வைக்க இரண்டே காகிதம் போதுமாக இருந்தது. மூன்றாம் மாதம் மிஷினில் 391. நான் 104 போட்டேன். "இதுல என் பேரைப் போட்டுக் குடு தம்பி" என்றார்.

அந்தக் கடைசி ஞாயிறு நானும் போய் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாஸ்டர் எழுந்து நின்றார். "உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணை மறைச்சிட்டேன். பதினோரு வருஷமா நானும் மாத்திரைதான். இன்னையோட அது முடிஞ்சுது" என்று சொல்லி, காகிதத்தை வாசித்து, குழந்தை மாதிரி அழுதார். அத்தனை சந்தோஷமான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாற்பது பேரும் மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆள் இளைத்தார், எல்லாரும் வயசு குறைந்துவிட்டது என்றார்கள். கூட்டத்துக்கு நடுவில் பத்து தடவை எழுந்து போனார். ஷூ கடித்துக் காலில் ஒரு புண் வந்தது. கழிவு வெளியேறுகிறது என்று அவரே எல்லாருக்கும் விளக்கம் சொன்னார்.

அவர் மனைவிக்கு மட்டும் சந்தேகம் வந்தது. ஒரு நாள் தனியாக லேபுக்கு வந்தார். "தம்பி, அந்தப் புண்ணு நாறுது. ரிப்போர்ட்டு மட்டும் நல்லா இருக்கு. வேற லேப்ல ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று கேட்டார். கையில் குடை, அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல அம்மா. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. "தாராளமா பாருங்கம்மா. ஆனா நீங்களே அவரை நம்பலன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்" என்றேன். அந்த அம்மா யோசித்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நாலாவது ரிப்போர்ட்டில் 98 போட்டேன். மிஷின் 512 காட்டியது.

புண்ணின் விஷம் உடம்பெல்லாம் ஏறி, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் ஐந்து நாள் கிடந்தார். நான் தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு தடவையாவது கண் விழித்தால் காதோடு சொல்லலாம் என்று காத்திருந்தேன். "நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லலையே மாஸ்டர், நீங்களா எடுத்த முடிவு." மனப்பாடம் செய்துகூட வைத்திருந்தேன். கண் விழிக்கவே இல்லை. அது ஒன்றுதான் எனக்கு மனக்குறை.

அந்த அம்மா நாலு ரிப்போர்ட்டையும் கொண்டுபோய் அங்கிருந்த டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அப்படித்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். நான் எதையும் மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கண்மூடித்தனமான கொலைகாரன் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு யாருடைய ரிப்போர்ட்டிலும் நான் கை வைத்ததில்லை. வட்டத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் உண்டு. மாஸ்டரைப் பார்த்து அவரும் மாத்திரையை நிறுத்தினார். அவருடைய நிஜ எண்ணைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்து, "பெரியவரே, வம்பு வேண்டாம், பேசாம மாத்திரையப் போடுங்க" என்று திட்டி அனுப்பியதே நான்தான். அவரைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்.

என்ன பட்டியல் இது? மிஷினின் நினைவகத்திலிருந்து எடுத்ததா? இரண்டு வருடத்துக்கும் இருக்கிறதா? சரி. மிஷின் சொன்னதும் நான் அச்சடித்ததும் ஐந்து இடத்தில் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். மாஸ்டருக்கு நான் கொடுத்தது நாலுதான், ஐயா.

ஐந்தாவது போன வருடத்தது. அக்காவினுடையது.

ஆமாம். மிஷின் 318 என்றது. நான் 156 போட்டேன். ஆறு மாதமாக ஒவ்வொரு கடைசி ஞாயிறும் எழுந்து நின்று, ஒரு சத்தமும் இல்லாமல் திரும்ப உட்கார்ந்தவள். "கொஞ்சமாவது கொறைஞ்சிருக்காடா?" என்று வாசலிலேயே நின்று கேட்பாள். ஒரே ஒரு ஞாயிறு அவளுக்காகவும் மூச்சு விடட்டுமே என்று நினைத்தேன். அவள் பாட்டிலைத் தூக்கிப் போடுவாள் என்று நான் கண்டேனா? அதன் பிறகு சொல்லியிருக்கலாம், பதினாறு நாள் இருந்தது. சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஆனால் அந்த வட்டத்தைப் போட்டது யார்? எண் இறங்காதவளை நாற்பது பேர் நடுவில் நிற்க வைத்தது யார்? நன்றாக யோசித்துப் பாருங்கள், ஐயா. அந்த ஐந்தாவதையும் மாஸ்டர் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.